தபீதாளின் இடது பக்கம்

சேலையூரில் நாங்கள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் தமிழ் எடுக்கிறேன், தபீதாள் வேதியியல் எடுக்கிறாள். ஆசிரியர் அறையில் எங்கள் இரண்டு பேர் நாற்காலியும் பக்கத்துப் பக்கத்தில். அவள் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே உள்ளே என்ன குழம்பு என்று வாசனையில் எனக்குத் தெரிந்துவிடும். அப்படிப் பழகியவர்கள் நாங்கள். அவளைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுது ரமா. ஆனா என்னைப் பாவம்னு எழுதாதே," என்றாள். முயன்று பார்க்கிறேன்.

நல்ல உயரம் அவள். கரும்பலகையின் மேல் விளிம்பிலிருந்தே எழுதத் தொடங்குவாள். அவளுக்கு அடுத்து வகுப்புக்குப் போகிற நான் அதை அழிக்க எக்கி எக்கிக் குதிக்க வேண்டும். உடுத்திக்கொள்வதில் அவளுக்கு ஆசை உண்டு, அதை ஒளிக்கவும் மாட்டாள். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கத்தி போல மடிப்பு, தோளில் ஒரே ஒரு பின். தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு டெய்லரிடம் ஒரே ரவிக்கையைத் திரும்பத் திரும்பப் பிரித்துத் தைக்கச் சொல்லி, கடைசியில் அவர் கையெடுத்துக் கும்பிட்ட கதை எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரசித்தம். "ஆண்டவர் குடுத்த உடம்பு, அதுக்கு மரியாதையா துணி போட வேணாமா?" என்பாள்.

கணவர் ஐசக், மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பேச்சு கம்மி. பேசாத குறையையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடித் தீர்த்துக்கொள்வார். இருவருமே பாடகர் குழுவில் இருந்தார்கள். பாட்டுப் பயிற்சியில்தான் கல்யாணமே முடிவானதாம். ஒரே மகள் ஜெரூஷா. அம்மாவின் உயரம், அப்பாவின் வாய்.

ஒரு செய்முறைத் தேர்வுக் காலத்தில், வெளியிலிருந்து வந்த தேர்வாளரோடு சோதனைக் கூடத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவள், என்னைக் கை கழுவும் இடத்துக்குத் தனியாக அழைத்துப் போனாள்.

"லெஃப்ட்ல ஒரு கட்டி மாதிரி இருக்கு. ரெண்டு மாசமா இருக்குன்னு நெனைக்கறேன். எக்ஸாம் முடியட்டும்னு விட்டுட்டேன்."

"அறிவிருக்கா உனக்கு?" என்றேன். அன்று சாயங்காலமே ஸ்கேனுக்குக் கூட்டிப் போனேன்.

அதற்குப் பிறகு நடந்தது பலர் வீட்டில் நடந்ததுதான். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வந்தது. கட்டி ஒன்றல்ல, பரவலாக இருக்கிறது, மார்பைக் காப்பாற்ற முடியாது என்றார்கள். இடது மார்பை முழுவதுமாக எடுத்தார்கள். பிறகு கீமோ, முடி கொட்டுதல், வாய்ப்புண், ரேடியேஷன். அந்த வருஷம் அவள் வகுப்புகளை நாங்கள் பிரித்துக்கொண்டோம். வேதியியல் தெரியாத நான் அந்தப் பிள்ளைகளைச் சும்மா உட்கார வைத்துத் திருக்குறள் சொன்னேன்.

அவள் அழவில்லை. ஐசக்தான் அழுதார்; ஆஸ்பத்திரி கேன்டீனில் காபியை முன்னால் வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல். "உயிரோட இருந்தா போதுங்க எனக்கு," என்று என்னிடம் சொன்னார். அந்த மனிதர் என்னிடம் முதன்முதலாகப் பேசிய முழு வாக்கியம் அது.

ஜூனில் அவள் பள்ளிக்கூடம் திரும்பினாள். முடி பையன்கள் கிராப்பு மாதிரி வளர்ந்திருந்தது. அது அவளுக்கு எடுப்பாகவே இருந்தது. இடது பக்கம் உள்ளாடைக்குள் சிலிகான் பேட் ஒன்றை வைத்துக்கொண்டு வருவாள். கனமானது. வெயிலில் வியர்த்து வழுக்கும். நடுநடுவே கழிப்பறைக்குப் போய் அதைத் துடைத்து மறுபடி வைத்துக்கொண்டு வருவாள். எனக்குத் தெரிந்து அதைப் பற்றி அவள் குறைபட்டுக்கொண்டதே இல்லை.

ஒரு நாள் சோதனைக் கூடத்தில் மேல் தட்டிலிருந்து ஒரு புட்டியை எடுக்கக் கையைத் தூக்கியிருக்கிறாள். பேட் நகர்ந்து காறை எலும்புக்குக் கீழே வந்து நின்றுவிட்டது. புடவைக்கு மேலே நன்றாகத் தெரிந்திருக்கிறது. அவள் திரும்பினாள்.

"பசங்க சிரிச்சிருந்தா திட்டியிருப்பேன் ரமா," என்று பிறகு சொன்னாள். "ஒருத்தர்கூட சிரிக்கல. எல்லாரும் ஒரே நேரத்துல குனிஞ்சிட்டாங்க. டெஸ்ட் டியூபைப் பாக்கற மாதிரி. அந்த வயசுப் பசங்களுக்கு என் மேல அவ்ளோ இரக்கம். என்னால தாங்க முடியல."

அன்றைக்கு அவள் முடிவு செய்தாள். எடுத்த மார்பைத் திரும்ப உண்டாக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அதைச் செய்துகொள்ளப் போவதாக வீட்டில் சொன்னாள்.

ஐசக்குக்குப் புரியவில்லை. "எனக்காகவா? எனக்கு ஒண்ணும் வேணாம் தபீ. நான் எப்பவாவது ஏதாவது சொன்னேனா?"

"நீங்க சொல்லல. உங்களுக்காகவும் இல்ல. எனக்கு வேணும்."

சர்ச்சில் வயதான ஒரு அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உசுரைக் குடுத்தாரே மகளே, அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லாம இன்னும் அழகு கேக்கிறியே," என்றாராம். அந்த வார்த்தை தபீதாளுக்குள்ளேயே கிடந்தது. பல தடவை என்னிடம் அதைத் திருப்பிச் சொல்லியிருக்கிறாள்.

டாக்டரை முதலில் பார்க்கப் போன அன்று ஐசக்குக்குக் காலை ஷிஃப்ட். அதனால் கேளம்பாக்கம் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அவளோடு நான் போனேன். பிளாஸ்டிக் சர்ஜன் ஸ்ரீரங்கன் ஐம்பதைத் தாண்டியவர், நிதானமானவர். ஒரு காகிதத்தில் உடம்பின் வடிவத்தை வரைந்து காட்டினார்.

"இம்ப்ளாண்ட் உங்களுக்குச் சரிவராது மேடம். ரேடியேஷன் வாங்கின தோல், இறுகிப்போயிருக்கு. உள்ள வெச்சா கல்லு மாதிரி ஆயிடும். உங்க அடிவயித்துத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோட எடுத்து மேல வெச்சுத் தைக்கறேன். உங்க சதையேதான். நீங்க வெயிட் போட்டா அதுவும் போடும்."

பிறகு படங்கள் காட்டினார். கழுத்திலிருந்து இடுப்பு வரை மட்டும். முகம் இல்லாத பெண்கள். முன்பு, பின்பு. தபீதாள் விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இதுல கீழ் மடிப்பு சரியில்லையே," என்றுகூட ஒன்றைப் பார்த்துச் சொன்னாள். டாக்டர் சிரித்துவிட்டார். "கரெக்ட். அதை ரெண்டாவது சர்ஜரில சரி பண்ணேன்."

"தொட்டா தெரியுமா டாக்டர்?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "சில பேருக்குக் கொஞ்சம் திரும்பி வரும். நிறையப் பேருக்கு வராது. பாக்கறதுக்கு எப்படி இருக்கும்ங்கறது ஓரளவு என் கையில இருக்கு. உணர்ச்சி என் கையில இல்ல மேடம். அதை நான் ப்ராமிஸ் பண்ண மாட்டேன்."

ஒளிக்காமல்தான் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம். ஆனால் அன்று வண்டலூர் வரை பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தது முழுக்க அந்தப் படங்களைப் பற்றித்தான்.

முதல் அறுவை சிகிச்சை காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரை நடந்தது. வயிற்றில் இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்பு வரை ஒரு தையல். நிமிர்ந்து நடக்கவே சில வாரங்கள் ஆயின. உடம்பில் சொருகிய குழாய்களில் வடிகிற நீரை ஜெரூஷாதான் அளந்து கொட்டினாள். பதினாறு வயசுப் பெண் அது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டே அம்மாவுக்குக் கட்டு மாற்றினாள், தலை வாரினாள், கழிப்பறைக்குப் பிடித்துக்கொண்டு போனாள். "நர்ஸம்மா" என்று ஐசக் கூப்பிட்டால் முறைப்பாள்.

ஆறிய பிறகு தபீதாள் கண்ணாடியில் பார்த்தாள். மார்பு இருந்தது. ஆனால் வெயில் படாத வயிற்றுத் தோல் வெளுப்பாக, வேறு துணியில் ஒட்டுப் போட்டது போல இருந்தது. வலது பக்கத்தைவிட மேலே தூக்கிக்கொண்டிருந்தது. அக்குளுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். காம்பு இல்லை. "முகம் எழுதாத பொம்மை மாதிரி," என்றாள்.

"பொறுங்க," என்றார் டாக்டர். "இப்ப களிமண்ணை வெச்சிருக்கேன். இனிமேதான் வேலை."

அவர் சொன்னபடியே செய்தார். அடுத்த அறுவை சிகிச்சையில் வலது மார்பைக் கொஞ்சம் ஏற்றி இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார். தொடையிலிருந்து கொழுப்பை எடுத்து அந்தப் பள்ளத்தில் ஊசியால் நிரப்பினார். அதில் பாதி நிற்கவில்லை, மறுபடி நிரப்பினார். அதன் பிறகு அந்தத் தோலையே சின்னதாக மடித்துத் தைத்துக் காம்பு செய்தார். கடைசியாக அதைச் சுற்றிப் பச்சை குத்தினார்கள். சாயம் கலக்கும்போது இவள் சும்மா இருக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் பிரவுன் போடுங்க டாக்டர். இது ரொம்ப சிவப்பு," என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். "கெமிஸ்ட்ரி டீச்சருக்குப் பச்சை குத்தறது பெரிய தண்டனை," என்றாராம் அவர்.

எல்லாம் முடிந்த அன்று, மேக்கப் போடுகிற பழக்கமே இல்லாதவள், கண்ணுக்கு மை இட்டுக்கொண்டு போயிருந்தாள். படம் எடுத்தார்கள். தலை வராது என்று தெரிந்தும் சிரித்தாளாம். இனி வருகிற நோயாளிகளுக்குக் காட்டலாமா என்று டாக்டர் கேட்டபோது, தாராளமாகக் காட்டுங்கள் என்றாள்.

பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கடுகு நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். ரவிக்கை உடம்போடு பொருந்தி நின்றது. மேடையில் பரிசுகளை எடுத்துக் கொடுக்கும்போது இரண்டு கையையும் நன்றாகத் தூக்கினாள். கீழே உட்கார்ந்திருந்த நான் கை வலிக்கத் தட்டினேன். அந்த இரண்டு மூன்று மாதங்கள் அவள் சந்தோஷமாக இருந்தாள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பிறகு நடந்ததைப் பார்த்துவிட்டு, "அப்பவே சொன்னோம், ஆசைப்பட்டது தப்பு" என்று சொன்னவர்கள் உண்டு. தப்பில்லை. அவள் கேட்டது கிடைத்தது, அது அழகாகவும் இருந்தது.

ஆனால் தொட்டால் தெரியவில்லை.

அவள் காத்திருந்தாள். குளிக்கும்போது விரலால் அழுத்திப் பார்ப்பாள். ஈரத் துண்டால், பனிக்கட்டியால், சீப்பின் பல்லால். விரலுக்கு மார்பு தெரிந்தது. மார்புக்கு விரல் தெரியவில்லை. வரும் வரும் என்று டாக்டரும் சொல்லவில்லை, இவளாகச் சொல்லிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்ததை அவள் என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. கேம்ப் ரோடு நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். கூட்டம் இருந்தது. என் பக்கம் பார்க்காமல், சாலையைப் பார்த்தபடி சொன்னாள்.

சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டிருக்கிறார்கள். ஜெரூஷா டியூஷனுக்குப் போய்விட்டாள். இவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருக்க, ஐசக் பின்னால் வந்து படுத்திருக்கிறார். நோய் வந்த நாளிலிருந்து அவர் அவளிடம் அப்படி நெருங்கியதே இல்லை. அவள் பாட்டுக்கு அடுத்த வாரத்துக் கேள்வித்தாளைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். பேச்சுவாக்கில் பீரோ கண்ணாடியைப் பார்த்தால், அவர் கை அவள் மார்பின் மேல் இருக்கிறது.

"எவ்ளோ நேரமா இருந்துச்சுன்னு தெரியல. கண்ணாடியில பாத்துதான் எனக்குத் தெரிஞ்சுது. அவரு கண்ணை மூடிக்கிட்டு இருந்தாரு. நான் கேள்வித்தாள் பத்திப் பேசிக்கிட்டே இருக்கேன்."

"நீ என்ன பண்ணே?"

"பேச்சை நிறுத்திட்டேன். நிறுத்தின உடனே அவருக்குப் புரிஞ்சுபோச்சு. கையை எடுத்துட்டாரு. எழுந்து போய் மோட்டார் போட்டாரு, டேங்க் நிறையற வரைக்கும் மொட்டை மாடியிலேயே நின்னாரு."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டோம். அதற்குப் பிறகு ஐசக் அவளைத் தொடவில்லை. கோபமெல்லாம் இல்லை. மாத்திரை எடுத்துக் கொடுப்பார், மழை வந்தால் குடையோடு பஸ் நிறுத்தத்தில் நிற்பார். தன்னால் அவளுக்கு வலித்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். வலிக்கவில்லை, வலிக்காததுதான் அங்கே விஷயம் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

டிசம்பர் மழை அந்த வருஷம் விடாமல் பெய்தது. குளிரில் அவள் வயிற்றுத் தழும்பு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வலி தாங்காமல் படுத்துவிட்டாள். ஜெரூஷா வெந்நீர்ப் பையை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். எப்போதும் செய்கிறதுதான். இவள் அதை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டாள். தூக்கத்தில் இடது பக்கமாகப் புரண்டிருக்கிறாள். பை மேலே நகர்ந்து மார்புக்கும் மெத்தைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே துள்ளி எழுந்திருப்பார்கள். அவள் நன்றாகத் தூங்கினாள். மழைச் சத்தத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம் என்றாள்.

எழுந்து டீ போட்டாள். ஜெரூஷாவுக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள். "அம்மா, உன் நைட்டி நனைஞ்சிருக்கு," என்றாள் அவள். பையிலிருந்து தண்ணீர் கசிந்திருக்கும் என்று நினைத்துத் துணியை விலக்கிப் பார்த்தால், தோல் கொப்புளித்து உடைந்து அந்த நீர்தான் வழிந்திருக்கிறது. பச்சை குத்திய வட்டத்தின் பாதி தோலோடு துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஜெரூஷாவின் கையிலிருந்து டம்ளர் விழுந்தது. அப்போதும் தபீதாளுக்கு வலி இல்லை. பெண் கத்திய கத்தலில்தான் ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

அந்த மழையில் கேளம்பாக்கம் சாலையெல்லாம் தண்ணீர். ஐசக் கார் ஒன்றைப் பிடித்து எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்தார். தீக்காயம் ஆழமாக இறங்கியிருந்தது. நரம்பில்லாத சதை, ரத்த ஓட்டமும் குறைவு, எளிதில் ஆறவில்லை. வாரக்கணக்கில் கட்டு மாற்றினார்கள். நடுவில் கறுத்துப்போன பகுதியை டாக்டர் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அவர் செய்த காம்பு அதில் போயிற்று. கீழ்ப் பாதி உள்வாங்கி, ஒரு பக்கம் கடித்த பழம் போல ஆயிற்று. மேலே தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள்.

"சூடு படக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே மேடம்," என்று அவர் ஒரு தடவை கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. கையால் செய்த ஒன்றைப் பறிகொடுத்தவரின் குரல்.

"சொன்னீங்க டாக்டர்," என்றாள்.

வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அதுவே அந்த வீட்டை மூழ்கடித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஜெரூஷா அழக்கூட இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றியது தான்தான், ஒரு துண்டைச் சுற்றிக் கொடுத்திருக்கலாம் என்பது அவளுக்குள் ஆணி போல இறங்கிவிட்டது. "உன் மேல என்னடி தப்பு? நாந்தானே தூங்கினேன்," என்று தபீதாள் எத்தனையோ விதமாகச் சொன்னாள். அவள் தலையாட்டுவாள். கட்டு மாற்றும் நேரம் வந்தால் வீட்டைவிட்டு வெளியே போய்விடுவாள். அம்மாவின் குழாய்களைச் சளைக்காமல் கழுவிய பெண், பஞ்சு வாங்கி வரச் சொன்னால் அப்பாவிடம் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

காயம் மூடிய பிறகு ஒரு நாள், மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று பேச டாக்டர் வரச் சொல்லியிருந்தார். நான் கூடப் போனேன். அவர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்ததால் வெளியே காத்திருந்தோம். பக்கத்தில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி, தலையில் துணி சுற்றி, மடியில் டேப்லெட்டை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் அதைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தானாகவே பேச ஆரம்பித்தாள். பெயர் நித்யஸ்ரீ. நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ரேடியேஷன் முடிந்து கொஞ்ச நாள் ஆகிறது.

"உங்களுக்கும் இதுக்குத்தானாக்கா? நான் ரொம்ப பயந்துகிட்டு இருந்தேன். இந்த போட்டோவப் பாத்ததுக்கு அப்புறம்தான் கொஞ்சம் தைரியம் வந்துச்சு. பாருங்களேன்."

நான் எட்டிப் பார்த்தேன். கழுத்திலிருந்து இடுப்பு வரை. இடது காறை எலும்புக்குக் கீழே மிளகு அளவில் ஒரு மச்சம். எத்தனை வருஷம் ரவிக்கைக் கழுத்தோரத்தில் அந்த மச்சத்தைப் பார்த்திருக்கிறேன்.

தபீதாள் டேப்லெட்டை வாங்கிக்கொண்டாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். கீழ் மடிப்பைப் பார்த்தாள், காம்பைப் பார்த்தாள், அந்த பிரவுன் நிறத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள்.

"சூப்பரா இருக்குல்லக்கா? ஒரிஜினல் மாதிரியே. இந்த மாதிரி வந்தா எனக்குப் போதும்."

"வரும். டாக்டர் நல்லா பண்ணுவாரு." டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோம்மா. அங்க சூடு தெரியாது. குளிக்கறதுக்கு முன்னாடி தண்ணிய கையில ஊத்திப் பாரு. ஹாட் வாட்டர் பேக் எல்லாம் கிட்டவே கொண்டு போகாத. தூங்கும்போது வேணவே வேணாம்," என்றாள்.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "தெரியவே தெரியாதாக்கா? தொட்டாக்கூடவா?"

தபீதாள் பொய் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லட்டும் என்றுகூட நினைத்தேன்.

"எனக்குத் தெரியல. உனக்கு வரலாம். சில பேருக்கு வருதாம்."

நித்யஸ்ரீ படத்தை மூடி வைத்துவிட்டாள்.

டாக்டரின் அறையில் அதிக நேரம் ஆகவில்லை. முதுகுத் தசையை எடுத்து அந்தப் பள்ளத்தை நிரப்பலாம், கொஞ்ச காலம் பொறுத்து மறுபடி காம்பு செய்யலாம், பழையபடி கொண்டுவர முடியாது, ஆனால் இப்போது இருப்பதைவிட நன்றாக ஆக்கலாம் என்றார். அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"வேணாம் டாக்டர்."

"இப்பவே முடிவு பண்ண வேணாம். டைம் எடுத்துக்குங்க."

"எடுத்துக்கிட்டேன் டாக்டர். போதும்."

அவர் ஃபைலை மூடினார். "உங்க பழைய போட்டோவ எடுத்துடச் சொல்லட்டுமா?"

"இருக்கட்டும். அந்தப் பொண்ணு மாதிரி இன்னும் வருவாங்க."

கேளம்பாக்கம் ஜங்ஷனில் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது, "அது நீதான்னு ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"எதுக்குச் சொல்லணும்? சொன்னா இப்ப எப்படி இருக்குன்னு கேப்பா." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, இத்தனை வருஷத்தில் நான் பார்த்திராதபடி, இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று வாய்விட்டு அழுதாள். லாரிகளும் ஐடி கம்பெனி பஸ்களும் போய்க்கொண்டிருந்தன. இளநீர்க்காரர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். "உக்காரும்மா," என்றார். அவள் உட்காரவில்லை.

ஜெரூஷா பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். தாம்பரத்திலேயே எல்லாரும் ஆசைப்படுகிற கல்லூரியில் இடம் கிடைத்தது, வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அவள் கோயம்புத்தூருக்குப் போனாள். அங்கேதான் அந்தப் படிப்பு நன்றாக இருக்கிறது என்றாள். அது உண்மையாகவும் இருக்கலாம். மகளின் அறை சும்மாதானே கிடக்கிறது, ஷிஃப்ட் முடிந்து வந்து உன் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாமே என்று ஐசக் தன் தலையணையை எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடுகிறார். தபீதாள் பாடகர் குழுவிலிருந்து விலகிவிட்டாள். அங்கியைப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்க முடியவில்லை என்றாள். அந்த அங்கி தொளதொளவென்று எல்லாவற்றையும் மறைக்கிற அங்கி.

இப்போது அவள் புடவை கட்டுவதில்லை. பெரிய சுடிதார், மேலே துப்பட்டாவை இரண்டு பக்கமும் போட்டுக் குத்திக்கொள்கிறாள். கரும்பலகையில் நடுவிலிருந்து எழுதத் தொடங்குகிறாள். அழிக்க எனக்குச் சிரமமே இல்லை. பரிசோதனைகளில் நோய் எதுவும் திரும்பவில்லை. ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஐசக் இனிப்பு வாங்கி வருவார். அவள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மீதியை ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுவருவாள்.

போன கிறிஸ்துமஸ் அன்று வழக்கம்போல என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். ஐசக் வாசலில் நட்சத்திரம் கட்டியிருந்தார். எனக்காகத் தனியாகக் காய்கறி பிரியாணி செய்திருந்தாள். ஜெரூஷா வரவில்லை. கல்லூரியில் ஏதோ ப்ராஜெக்ட் என்றாள் தபீதாள். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது ஜெரூஷாவிடமிருந்து போன் வந்தது. தபீதாள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹேப்பி கிறிஸ்துமஸ்மா. எப்படி இருக்கு?"

எது என்று அவள் சொல்லவில்லை.

"நல்லா இருக்கு ஜெரூ. நீ சாப்டியா?"

"ம். மெஸ்ல பிரியாணி. அப்பா இருக்காரா?"

"இருக்காரு. ரமா ஆன்ட்டிகூட வந்திருக்காங்க. நீ பொங்கலுக்காவது வர்றியா?"

அந்தப் பக்கம் யாரோ பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பாத்திரங்களின் சத்தம் கேட்டது.

"பாக்கறேன்மா. எக்ஸாம் டேட் இன்னும் போடல. கூப்பிடறாங்க, வெச்சிடட்டுமா?"

"வெச்சுக்கோ."

ஐசக் கையில் எடுத்த கவளத்தோடு அப்படியே இருந்தார். தபீதாள் போனைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது கையில் தயிர்ப் பச்சடி இருந்தது. என் தட்டில் ஒரு கரண்டி போட்டாள், அவர் தட்டில் ஒரு கரண்டி போட்டாள்.

"சாப்பிடுங்க, ஆறிப்போகுது," என்றாள்.